கெடுத்துப் பார்க்க ஒரு கணினி

கேரள எல்லையோரத்து முதலமடையில் தமிழ் வழியில் படிக்கும் ஒரு பிள்ளை பள்ளி ஆய்வகத்தில் உட்கார்ந்தால் முன்னால் இருப்பது கேரளப் பள்ளிகளின் இயங்குதளமான கைட் குனு/லினக்ஸ். வீடு திரும்பி அண்ணனின் லேப்டாப்பைத் திறந்தால் விண்டோஸ். கோவிந்தாபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டிப் பொள்ளாச்சியிலோ கோயம்புத்தூரிலோ கல்லூரியில் சேர்ந்தால் அங்கும் பெரும்பாலும் விண்டோஸ்; வேலைக்குப் போய் சர்வர்களைத் தொட நேர்ந்தால் மறுபடி லினக்ஸ். இரண்டும் தெரிந்தாக வேண்டிய அந்தப் பிள்ளைக்கு வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு கணினி. அதில்தான் அப்பாவின் மாங்காய்க் கணக்கு, அக்காவின் பி.எஸ்.சி. தேர்வாணையப் பதிவு, வீட்டாரின் கல்யாணப் படங்கள் எல்லாம் கிடக்கின்றன. ஆகவே அந்தக் கணினியைப் பற்றிப் பிள்ளை முதலில் கேட்கும் பாடம், ‘கண்டதையும் அமுக்கிக் கெடுத்துவிடாதே’ என்பதுதான். பெற்றோர் சொல்வதில் தவறில்லை. கெட்டால் சரிசெய்யப் பணம் வேண்டும். ஆனால் கெடுத்துப் பார்க்க இடமில்லாதவரை கணினியை எவரும் கற்றதில்லை. ஒரே கணினி உள்ள வீட்டுக்கும் அந்த இடத்தைத் தரக்கூடியது மெய்நிகர் கணினி, பேச்சு வழக்கில் விர்ச்சுவல் மெஷின். ஒவ்வொரு மாணவரும் உயர்நிலைப் பள்ளியை விட்டு வெளியேறுவதற்குள் ஒரு தடவையாவது, தன் கையால், அதற்குள் ஓர் இயங்குதளத்தை நிறுவியிருக்க வேண்டும் என்பதே இன்று நான் வாதிட வந்தது.

இதைக் கேரளத்தில் நின்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 2001-இல் ஐ.டி. அட் ஸ்கூல் என்ற பெயரில் தொடங்கிய திட்டம், 2017-இல் கைட் என்ற அரசு நிறுவனமாக மாறியது. இடையில் இந்த மாநிலம் பள்ளிகளில் தனியார் மென்பொருளை விட்டுக் கட்டற்ற மென்பொருளுக்கு முற்றாக மாறிக்கொண்டது. 2019-இல் உபுண்டு 18.04-ஐ அடிப்படையாகக் கொண்டு கைட் தன் இயங்குதளத்தை வெளியிட்டபோது, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளில் அது ஓடும் என்றும், உரிமக் கட்டணத்தில் சுமார் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்றும் அரசுத் தரப்பில் கணக்குச் சொல்லப்பட்டது. 2024-இல் 22.04 பதிப்பும் வந்துவிட்டது. ஐ.சி.டி. பாடநூல் மலையாளம், ஆங்கிலம் இரண்டோடு தமிழிலும் கன்னடத்திலும் அச்சாகிறது. மொழிச் சிறுபான்மையினர் விஷயத்தில் இது சாதாரணச் செயல் இல்லை. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில், விண்டோஸோடு சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் சேர்த்தே கொடுத்தார்கள். இரு மாநிலங்களும் தாராளமாகவே செய்திருக்கின்றன. ஆனால் இரண்டிலும் பிள்ளையின் கைக்கு வந்து சேர்வது ஏற்கெனவே நிறுவி முடித்த கணினி. பாடம் ஜிம்ப்பில் படம் வரைவதிலிருந்தோ ஜியோஜீப்ராவில் முக்கோணம் போடுவதிலிருந்தோ தொடங்குகிறது. அதற்கு முன்னால் நடந்தது ஆசிரியருக்கும் சர்வீஸ் ஆளுக்கும் தெரிந்த ரகசியமாகவே நின்றுவிடுகிறது.

மெய்நிகர் கணினி என்ன என்பதை வேறு ஊரில் விளக்க நேரமாகும். பரம்பிக்குளத்தை அறிந்த இந்த அவைக்கு எளிது. பரம்பிக்குளம் இந்த முதலமடைப் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. அணை நிற்கும் மண் கேரளத்துடையது. ஆனால் அணையை இயக்குவதும் பராமரிப்பதும் தமிழ்நாடு. சாலை வழியே போவதற்கும் சேத்துமடை, டாப்சிலிப் என்று தமிழ்நாட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். ஒரு நிர்வாகத்தின் நிலத்துக்குள் இன்னொரு நிர்வாகம் தன் வேலையைத் தன் முறைப்படி பார்க்கிறது. யாருக்கு எவ்வளவு என்பதை 1970-இல் கையெழுத்தாகி 1958-இலிருந்து நடப்புக்குக் கொண்டுவரப்பட்ட ஒப்பந்தம் வரையறுக்கிறது; மணக்கடவு வழியாகச் சிற்றூர்ப் புழைக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. என்பது அதில் ஒரு கணக்கு. மெய்நிகர் கணினியிலும் இதே ஏற்பாடுதான். வெளிக் கணினியின் நிலத்துக்குள் உள்கணினி ஒன்று நிற்கிறது. அதற்கு இத்தனை ஜி.பி. ராம், இத்தனை ஜி.பி. டிஸ்க், பிராசஸரில் இத்தனை கோர் என்று முன்னதாகவே எழுதிவைக்கிறோம். அந்த எழுத்தை மீறவிடாமல் பார்த்துக்கொள்வது நடுவில் நிற்கும் மேற்பார்வை மென்பொருள். விர்ச்சுவல்பாக்ஸ், வி.எம்.வேர், லினக்ஸில் கே.வி.எம். என்றெல்லாம் அதற்குப் பெயர்கள்.

உள்கணினியில் ஓடும் இயங்குதளம் தானே முழுக் கணினிக்கும் அதிபதி என்று நினைத்துத்தான் ஆணையிடுகிறது. கூட்டு, கழி, இந்த எண்ணை அங்கே வை போன்ற சாதாரண ஆணைகள் பிராசஸரில் நேராகவே ஓடுகின்றன. அதனால்தான் மெய்நிகர் கணினி நாம் பயப்படும் அளவுக்கு மந்தமாக இருப்பதில்லை. டிஸ்க்கில் எழுது, நெட்வொர்க் கார்டைத் திற போன்ற அதிகார ஆணை வரும்போது மட்டும் பிராசஸர் ஓட்டத்தை நிறுத்தி மேற்பார்வை மென்பொருளிடம் ஒப்படைக்கிறது. அது வெளிக் கணினியின் டிஸ்க்கில் உள்ள ஒரே ஒரு கோப்புக்குள் எழுத வேண்டியதை எழுதிவிட்டு, டிஸ்க்கிலேயே எழுதியாயிற்று என்று உள்ளே பதில் சொல்கிறது. உள்ளே முழு ஹார்ட்டிஸ்க்கையும் அழித்தாலும் வெளியே அழிவது அந்தக் கோப்பின் உள்ளடக்கம்தான். அப்பாவின் மாங்காய்க் கணக்கு இருந்த இடத்திலேயே இருக்கும்.

இது பணக்கார ஆய்வகங்களின் ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் இதன் பிறப்பைப் பார்க்க வேண்டும். 1960-களில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரத்தில் ஐ.பி.எம். பொறியாளர்கள் சி.பி-40 என்ற அமைப்பை உருவாக்கினார்கள். கணினி ஒன்று, ஆட்கள் பலர் என்ற நெருக்கடிதான் காரணம். ஒவ்வொருவருக்கும் தனக்கே ஒரு முழுக் கணினி இருப்பதுபோன்ற தோற்றத்தைக் கொடுத்து அதைச் சமாளித்தார்கள். 1972-இல் அதே வழி வி.எம்./370 என்ற விற்பனைப் பொருளானது. வாடிக்கையாளர்கள் அதில் முக்கியமாகச் செய்த வேலைகளில் ஒன்று, புதிய இயங்குதளத்தைப் பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் ஓட்டிச் சோதிப்பது. 1974-இல் போபெக், கோல்ட்பர்க் என்ற இருவர் எந்தப் பிராசஸரை இப்படிப் பங்கிட முடியும் என்பதற்கு இலக்கணம் எழுதினார்கள். நம் மேசைமேல் வந்த இன்டெல் பிராசஸர்கள் அந்த இலக்கணத்துக்குப் பொருந்தவில்லை. சில அதிகார ஆணைகள் அவற்றில் நிற்காமல் சத்தமின்றிப் பிழையாக ஓடிவிடும். வி.எம்.வேர் 1999-இல் அந்த ஆணைகளை ஓடும்போதே திருத்தி எழுதும் தந்திரத்தால் இதைக் கடந்தது. 2005-இல் இன்டெல் தானே பிராசஸருக்குள் இதற்கான வசதியை வைத்தது, அடுத்த ஆண்டு ஏ.எம்.டி.யும் வைத்தது. இன்று நம் வீடுகளில் இருக்கும் லேப்டாப்புகள் பெரும்பாலானவற்றில் இந்த வசதி இருக்கிறது. சிலவற்றில் பயாஸ் திரையில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். ஒரே கணினிக்குப் பலர் காத்திருந்த இடத்தில் பிறந்த பொருளை, ஒரே கணினிக்கு ஒரு குடும்பமே காத்திருக்கும் வீட்டில் பயன்படுத்தாமல் வேறெங்கே பயன்படுத்துவது?

இனி நிறுவும் வேலைக்கு வருவோம். அதன் ஒவ்வொரு திரையும் பாடநூலின் ஓர் அத்தியாயத்துக்குச் சமம். விர்ச்சுவல்பாக்ஸில் புதிய கணினி ஒன்றை உருவாக்கும்போதே ராம் எவ்வளவு என்று கேட்கிறது. ராமுக்கும் டிஸ்க்குக்கும் உள்ள வேறுபாட்டை வரையறையாக மனப்பாடம் செய்த பிள்ளை, இரண்டுக்கும் தனித்தனியாக எண் போடும்போதுதான் அதைப் புரிந்துகொள்கிறது. டிஸ்க்குக்கு 25 ஜி.பி. என்று போட்டால் கோப்பு உடனே 25 ஜி.பி. ஆகிவிடாது, எழுத எழுதத்தான் வளரும். வாக்களித்த இடமும் பிடித்த இடமும் ஒன்றில்லை என்பது அங்கே தெரிகிறது. பிறகு நிறுவல் டி.வி.டி.யின் நகலான ஐ.எஸ்.ஓ. கோப்பை உள்கணினியின் இல்லாத டி.வி.டி. டிரைவில் செருகுகிறோம். டெபியன் லினக்ஸின் வரைகலை நிறுவியைத் திறந்தால் முதல் திரையிலேயே மொழிப் பட்டியல் வருகிறது, அதில் தமிழ் இருக்கிறது. தன்னார்வலர்கள் உட்கார்ந்து மொழிபெயர்த்தது அது. பள்ளியிலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் பெயர்ப்பலகையில் தமிழுக்கு இடம் கேட்டுப் பழகிய இந்தப் பகுதியில், ஒரு கணினி முதல் கேள்வியிலேயே தமிழுக்கு இடம் தருவது சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை.

அடுத்துப் பார்ட்டிஷன். வெளிக் கணினியில் எல்லோரும் நடுங்கும் திரை இதுதான். ‘முழு டிஸ்க்கும் அழிக்கப்படும், தொடரலாமா?’ என்று கேட்கும்போது உள்கணினியில் தயங்காமல் ஆமாம் சொல்லலாம். ரூட், ஹோம், ஸ்வாப் என்று பிரித்துப் பார்க்கலாம், தவறாகப் பிரித்து நிறுவல் பாதியில் நிற்பதையும் பார்க்கலாம். பூட் ஏற்றியை எங்கே எழுதுவது என்ற கேள்வி வரும்போது, மின்சாரம் வந்தவுடன் கணினி யாரைத் தேடிப் போகிறது என்ற தொடர் விளங்குகிறது. பயனர் பெயர், கடவுச்சொல், ரூட்டின் அதிகாரம்: யார் எதைத் தொடலாம் என்பது இங்கேதான் முடிவாகிறது. நிறுவி முடிந்து மறுபடி பூட் ஆனதும் பழைய நிறுவித் திரையே மீண்டும் வந்து நின்றால், டி.வி.டி.யைக் கழற்ற மறந்திருக்கிறோம் என்று அர்த்தம். புதிதாகச் செய்பவர்கள் பலரும் வந்து முட்டும் இடம் இது. கடைசியில் தமிழ் விசைப்பலகை. பள்ளியில் தமிழ்99 கற்றுக்கொண்ட பிள்ளை ஐபஸ் மூலம் அதைச் சேர்க்கலாம், ஒலிபெயர்ப்பு முறையையும் பக்கத்திலேயே வைத்து எது கைக்கு வருகிறது என்று பார்க்கலாம். இந்த வரிசையில் ஒரு படிகூட ஜிம்ப் பாடத்தில் வராது.

ஸ்னாப்ஷாட் இல்லாவிட்டால் இதெல்லாம் பாதி வீண். நிறுவி முடித்த நிலையை ஒரு கிளிக்கில் பதிந்துவைத்துவிட்டு, பிறகு வேண்டுமென்றே கெடுக்கலாம். ஒரு சிஸ்டம் கோப்பை நீக்கிப் பார், கெர்னலை அழித்துப் பார், கடவுச்சொல்லை மறந்ததாக வைத்துக்கொண்டு உள்ளே நுழைய வழி தேடு. எது எதனால் நின்றது என்று திரையில் வரும் பிழைச் செய்தியைப் படித்துக் கண்டுபிடி. முடியவில்லையா, சில நொடிகளில் பழைய நிலைக்குத் திரும்பு. பிழைச் செய்தியைக் கண்டவுடன் மூடிவிட்டு ஆசிரியரைக் கூப்பிடும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. அந்தச் செய்தியை வாசிக்கும் பழக்கம் வந்துவிட்டால் மற்றவை தானே வரும்.

மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவது, நம் வீட்டு லேப்டாப் நாலு ஜி.பி. ராம் உள்ளது, அதற்குள் இன்னொன்று எப்படி என்பது. நியாயமான மறுப்பு. உபுண்டு 22.04 தனக்கே நாலு ஜி.பி. கேட்கிறது, அதே அடிப்படையில் வந்த கைட் பதிப்பை நாலு ஜி.பி. லேப்டாப்பில் உள்கணினியாக ஓட்ட முயன்றால் இரண்டும் சேர்ந்து மூச்சுத் திணறும். எட்டு ஜி.பி. இருந்தால் பாதியைப் பிரித்துக் கொடுக்கலாம். நாலு மட்டும் என்றால் டெபியனை எக்ஸ்.எஃப்.சி.இ. போன்ற இலேசான திரையோடு ஒன்றரை ஜி.பி.யில் வைக்கலாம், அல்லது திரையே இல்லாமல் கறுப்புக் கட்டளை வரியோடு அதைவிடக் குறைவில் ஓட்டலாம். நிறுவும் பாடத்துக்கு அது போதும். விண்டோஸில் அதன் சொந்த மேற்பார்வை மென்பொருளான ஹைப்பர்-வி இயங்கிக்கொண்டிருந்தால் விர்ச்சுவல்பாக்ஸ் வேகம் இழக்கும். அப்போது திரையின் அடியில் ஒரு பச்சை ஆமையைக் காட்டிவைத்திருக்கிறார்கள், அதைச் செய்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது. ஆமை தெரிந்தால் விண்டோஸ் அமைப்புகளுக்குள் போய்ப் பார்க்க வேண்டும். ஆப்பிளின் புதிய எம் வகைச் சில்லுகள் உள்ள கணினியில் சாதாரண இன்டெல் ஐ.எஸ்.ஓ. இதே வழியில் ஓடாது. ஆர்ம் பதிப்பை எடுக்க வேண்டும். நம் ஊரில் அது எத்தனை வீட்டுக்குப் பொருந்தும் என்பது வேறு.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கர்வமானது: ஆம்பிளையாக இருந்தால் நேராக டூயல் பூட் போடு, இது பொம்மை. ஆண், பெண் என்பதை விட்டுவிடுவோம், லிட்டில் கைட்ஸ் என்ற பள்ளி ஐ.டி. மன்றங்களைப் பார்த்தவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை அருகருகே நிறுவும் டூயல் பூட்டைப் போடத் தெரிந்தவர் போடட்டும். ஆனால் கற்கும் களமாக அதைப் பரிந்துரைப்பவர்கள் 2024 ஆகஸ்டை மறந்துவிடுகிறார்கள். அந்த மாதம் வந்த விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒன்று, செக்யூர் பூட் இயங்கிய டூயல் பூட் கணினிகள் பலவற்றில் லினக்ஸைத் தொடங்கவே விடாமல் நிறுத்தியது. உரிமையாளர்கள் செய்த தவறு எதுவும் இல்லை. இதற்கு மேல் புதிய விண்டோஸ் 11 லேப்டாப்புகளில் டிஸ்க் பூட்டப்பட்டே வருவது கூடிவருகிறது. பார்ட்டிஷனில் கை வைத்தால் பிட்லாக்கர் மீட்புச் சாவியைக் கேட்கும், அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஒத்திகை முடித்த பிறகு டூயல் பூட் போடுவது நல்லதுதான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவசப் பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு ஏறத் தகுதியில்லாத பழைய லேப்டாப்புகள் இங்கே நிறைய உண்டு. அவற்றை லினக்ஸுக்கு மாற்றப்போகிற வீடுகளுக்கு மெய்நிகர் கணினிதான் ஒத்திகை மேடை.

பாதுகாப்பைக் கேட்பவர்களுக்குப் பதில் சற்று நீளம். உள்ளே நடப்பது உள்ளேயே நிற்கும் என்று நான் சொன்னது எப்போதும் உண்மையா? இல்லை. 2015-இல் வெனம் என்ற ஓட்டை வெளிப்பட்டது. கியூஎமு என்ற மென்பொருளில், எவரும் பயன்படுத்தாத பழைய ஃபிளாப்பி டிரைவைப் பாவனை செய்யும் பகுதியில் இருந்த பிழை அது. அதைப் பிடித்து உள்கணினியிலிருந்து வெளிக் கணினிக்குள் குதிக்க வழி இருந்தது. ஒப்பந்தம் கச்சிதமாக இருந்தும் 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையின் மதகு ஒன்று உடைந்து, தண்ணீர் சாலக்குடி ஆற்றுப் பக்கம் பாய்ந்ததை நாம் பார்த்தோம். தடுப்பு இருக்கிறது என்பதற்காகப் பராமரிப்பை விட முடியாது. மேற்பார்வை மென்பொருளைப் புதுப்பித்து வைக்க வேண்டும். வெளி டிஸ்க்கின் ஃபோல்டரை உள்ளே பகிர்ந்து வைக்கக் கூடாது. வைரஸை ஆராயும் ஆசையை வீட்டுக் கணினியில் தீர்த்துக்கொள்ளக் கூடாது. இத்தனையும் செய்தால், பள்ளிப் பிள்ளை லினக்ஸ் நிறுவிப் பழகும் வேலைக்கு எஞ்சியிருக்கும் ஆபத்து, இனாமாகக் கிடைக்கிறது என்று திருட்டு மென்பொருளை நேராக வீட்டு விண்டோஸில் ஏற்றும் ஆபத்தில் ஒரு சிறு பங்குகூட இல்லை.

‘எல்லாம் கைப்பேசியிலும் கிளவுடிலும் நடக்கும் காலத்தில் இது எதற்கு?’ என்பது படித்தவர்கள் கேட்கும் கேள்வி. கிளவுட் என்பதே வாடகைக்கு விடப்படும் மெய்நிகர் கணினிகளில்தான் எழுந்தது. அமேசான் 2006-இல் ஈ.சி.2 சேவையைத் தொடங்கியபோது விற்றது, சென் என்ற மேற்பார்வை மென்பொருளின்மேல் ஓடிய உள்கணினிகளை. கோயம்புத்தூரில் ஒரு ஐ.டி. நிறுவனத்தில் சேரும் பிள்ளையிடம் முதல் வாரமே ஒரு சர்வரை எழுப்பு என்றால், ராம் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு, எந்த இயங்குதளப் படிமம், எந்த நெட்வொர்க் என்று அதே கேள்விகள்தான் திரையில் வரும். அங்கே மணிக்கணக்கில் வாடகை ஓடும், வீட்டில் ஓடாது. ஹார்டுவேரை இது கற்றுத் தராது என்பது மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டிய குறை. ராமைக் கழற்றி மாட்டவும் வைஃபை டிரைவரோடு மல்லுக்கட்டவும் நிஜக் கணினிதான் வேண்டும். பள்ளியில் ஒதுக்கிப் போட்ட பழைய கணினி அதற்கு உதவும்.

வியாபாரிகள் தரப்பில் ஒரு சந்தேகம் வரும்: டாலி கணக்கு விண்டோஸில்தானே ஓடுகிறது? ஓடட்டும். இந்த ஏற்பாடு திருப்பியும் வேலை செய்யும். வெளியே லினக்ஸை வைத்துக்கொண்டு உள்ளே விண்டோஸை டாலிக்கு மட்டும் வைக்கலாம். ஆனால் அந்த உள் விண்டோஸுக்கும் உரிமம் வாங்க வேண்டும். கைட் பதிப்புக்கோ டெபியனுக்கோ அந்தச் செலவு இல்லை, எத்தனை தடவை நிறுவினாலும்.

இந்த ஊரில் உண்மையான தடை வேறு. ஐ.எஸ்.ஓ. கோப்பு பெரியது, கைப்பேசி டேட்டாவை வைத்து இறக்கினால் ஒன்றிரண்டு நாள் ஒதுக்கீடு அதிலேயே போய்விடும், பாதியில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. இதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. இந்தப் பகுதியின் ஒரு நூலகக் கணினியில் கைட் பதிப்பு ஒன்று, டெபியன் ஒன்று, விர்ச்சுவல்பாக்ஸ் நிறுவி ஒன்று இருந்தால் போதும். யார் பென் டிரைவ் கொண்டுவந்தாலும் நகலெடுத்துக் கொடுக்கலாம்; இந்த இயங்குதளங்களின் உரிமம் அதைத் தடுப்பதில்லை, வரவேற்கிறது. நகலெடுத்த கோப்பு வழியில் சிதையாமல் வந்ததா என்று பார்க்க எஸ்.எச்.ஏ.256 எண்ணைக் காகிதத்தில் அச்சிட்டுக் கணினிக்கு மேலே ஒட்டிவைக்க வேண்டும். அச்சிடும் அந்த எண்ணை வெளியிட்டவர்களின் தளத்திலிருந்தே எடுக்க வேண்டும். கோப்பைச் சரிபார்க்கும் கட்டளை ஒரே வரி. லிட்டில் கைட்ஸ் மன்றத்துப் பிள்ளை ஒருவர் வாரம் ஒரு மாலை நூலகத்தில் உட்கார்ந்தால் மற்றவர்களுக்கு அதையும் காட்டிக்கொடுத்துவிடலாம்.